மனைக்கல் ஊன்றும் முன்பே மனு கொடுங்கள்

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு மேற்கே நாலரை ஏக்கர் மஞ்சள் காட்டை வாங்கி மனை போடப் போகிறார்கள். எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் அந்தக் காட்டுக்குள்தான் ஓடுகிறது. கிராம சபைத் தீர்மானம் போட்டால் நிறுத்த முடியுமா?
– விவசாயி, ஓமலூர் வட்டம்

தீர்மானம் போடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ‘விவசாயம் அழிகிறது’ என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, ‘இந்த சர்வே எண்ணில், புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) வாய்க்கால் உள்ள இடத்தில், மனை வரைபடம் சாலை காட்டுகிறது’ என்ற ஒற்றை வரிக்கு வலு அதிகம். அதைப் படித்த அதிகாரி இடத்தைப் பார்க்காமல் கோப்பை மூட முடியாது.

அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் அந்த சர்வே எண்ணுக்கும், ஒட்டியுள்ள எண்களுக்கும் புலப்படமும், நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் ‘அ’ பதிவேடும் எடுங்கள். வாய்க்காலுக்குத் தனி உட்பிரிவு எண் இருந்து, பதிவேட்டில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்றிருந்தால் அது அரசு நிலம். மனையாக்க யாருக்கும் உரிமை கிடையாது. அப்படி இல்லாமல் பட்டா நிலத்துக்குள்ளேயே காலங்காலமாக ஓடுகிற வாய்க்கால் என்றால் வழியே வேறு. உங்கள் பழைய கிரையப் பத்திரங்களில் ‘மாமூல் வாய்க்கால் பாத்தியம்’ (வழக்கமாக அந்த வாய்க்காலைப் பயன்படுத்தும் உரிமை) என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்த உரிமையை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்கலாம். பல மனுக்கள் தோற்பது இங்கேதான்: பட்டா வாய்க்காலைப் புறம்போக்கு என்று எழுதிவிடுகிறார்கள், ‘பதிவேட்டில் அப்படி இல்லை’ என்று கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை தந்ததும் மனு முடிந்துபோகிறது.

அடுத்து, உங்கள் ஊர் முழுமைத் திட்டத்துக்குள் (மாஸ்டர் பிளான்) வருகிறதா என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். உள்ளே என்றால் நில வகைப்பாட்டை மாற்ற நாளிதழில் அறிவிப்பு வந்து ஆட்சேபணை கேட்பார்கள். வெளியே என்றால் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கான, 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் அறிக்கை எழுதுகிற அந்தச் சில வாரங்கள்தான் உங்களுக்கான நேரம். நோட்டீஸ் வீடு தேடி வரும் என்று காத்திருக்காதீர்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து எண் வாங்குங்கள். நகர் ஊரமைப்பு, வேளாண்மை, நீர்வளத் துறைகளுக்கும் நகல் அனுப்புங்கள். அன்றே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனுவும் போட்டு, விண்ணப்பம், அறிக்கைகள், மனை வரைபடம் மூன்றின் நகலையும் கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கையும் மனுவில் சேருங்கள். நாலரை ஏக்கர் என்பது சுமார் 18,200 சதுர மீட்டர். அதில் 5 செ.மீ. மழை பெய்தால் விழுவது ஏறத்தாழ 9 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 75 லோடு. உழுத செம்மண் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். தார்ச் சாலையும் கான்கிரீட் கூரையும் குடிக்காது. வழக்கமாக நடப்பது என்னவென்றால், சாலைக்கு அடியில் ஓரடிக் குழாய் ஒன்றைப் போட்டு வாய்க்காலை அதற்குள் விட்டுவிடுவார்கள். முதல் பெருமழையில் வண்டலும் பாலிதீனும் குழாய் வாயை அடைக்கும். தண்ணீர் பின்வாங்கி உங்கள் வரப்பை உடைக்கும். ஆகவே புலப்படத்தில் உள்ள அகலம் குறையாமல் வாய்க்கால் திறந்தே இருக்க வேண்டும், சாலை கடக்கும் இடத்தில் பெட்டிப் பாலம் வேண்டும், மனைப்பிரிவின் வடிகால் எங்கே போய் முடிகிறது என்று காட்ட வேண்டும் எனக் கேளுங்கள்.

பூங்கா இடத்தையும் அளந்து பாருங்கள். 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மிஞ்சியதில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும். ஈடாகப் பணம் கட்ட முடியாது. சாலைக்கு 30 சதவீதம் போனால் இங்கே சுமார் 31 சென்ட் வரும். வாய்க்காலையே பூங்காக் கணக்கில் சேர்த்திருந்தால் உடனே ஆட்சேபியுங்கள்.

கேள்வி: வாழப்பாடி பக்கம் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனை என்கிறார்கள். வாங்கலாமா?
– இல்லத்தரசி, அம்மாபேட்டை

வேண்டாம் அம்மா. நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி இல்லாமல் ஊராட்சி மட்டும் மனைப்பிரிவுக்கு அனுமதி தர முடியாது. அனுமதி எண்ணை வாங்கி அந்த அலுவலகத்தில் நேரில் சரிபாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேலோ 8 மனைகளுக்கு மேலோ இருந்தால் ரெரா எனும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் தேவை. ‘பின்னால் வரன்முறை (அனுமதியற்ற மனையைச் சட்டப்படி முறைப்படுத்துவது) செய்துகொள்ளலாம்’ என்பதை நம்பாதீர்கள். 2017ஆம் ஆண்டு வரன்முறைத் திட்டம் 20.10.2016க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்காக வந்தது.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தைப் பிரித்து விற்கிறார்கள். சமவெளி விதிதானா?
– ஆசிரியர், அஸ்தம்பட்டி

இல்லை. மலைக் கிராமங்களுக்கு, 1990இல் அமைந்த ‘ஹாக்கா’ எனும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடும் உண்டு. வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் துறைகளின் கருத்து வேண்டும். சரிவை வெட்டுவதும் மரம் வெட்டுவதும் தனித்தனியாகப் பார்க்கப்படும். இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்று வரம்பு போடும் நில உச்சவரம்புச் சட்டத்தில் காபித் தோட்டத்துக்கு விலக்கு உண்டு. அது தோட்டமாக இருக்கும் வரைக்கும்தான். அந்த விலக்கு பெற்ற நிலமா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் பற்றிப் பேசுங்கள்.