கற்பதற்கான நேரம் யாருடையது?

அன்புள்ள ஐயா,

கோவையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டர்னராக, அதாவது லேத்தில் உலோகம் கடைபவனாக, இருக்கிறேன். சென்ற ஆண்டு கணினிக் கட்டளையில் இயங்கும் சிஎன்சி இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்குப் பாலிடெக்னிக் முடித்த இளைஞர்களை எடுத்தார்கள். என்னை ஜாப் (கடைய வேண்டிய உலோகத் துண்டு) ஏற்றி இறக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். திறன் மேம்பாட்டுக்கென்று அரசு இவ்வளவு செலவழிக்கிறதே, அதில் என்னைப் போன்றவனுக்கு இடம் எங்கே? நாற்பத்தாறு வயதில் இனிப் படித்துத்தான் என்ன ஆகப்போகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஷாஃப்ட் கடையும்போது சத்தம் மாறுவதைக் கொண்டே டூல் மழுங்கியதை அறியும் காது உங்களுக்கு இருக்கிறது. சிஎன்சியிலும் இன்சர்ட் என்னும் வெட்டுமுனை தேயத்தான் செய்கிறது; தேயத் தேய ஜாப்பின் விட்டம் கூடுகிறது; அதை மைக்ரோமீட்டரில் பிடித்து ஆஃப்செட் என்னும் திருத்த அளவில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதி ஏற்கெனவே உங்கள் கையில் இருப்பது. நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியவை புரோகிராம் எழுதுவதும் திரையைக் கையாள்வதும்தான். வயது இதற்குத் தடை என்று நான் கருதவில்லை.

தடை வேறிடத்தில் இருக்கிறது. நமது திறன் பயிற்சி அமைப்பு பெரும்பாலும் வேலைக்குள் நுழையப்போகிறவரை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் புதியவருக்கானது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் முதன்மையாக மாணவர்களுக்கானது. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐடிஐகளை நவீனப்படுத்தியது மிக நல்ல காரியம்; அங்கே குறுகிய காலப் பயிற்சிகளுக்கும் இடமுண்டு. ஆனால் ஷிப்டும் ஓவர்டைமும் முடித்து வருபவர் எந்த நேரத்தில் அங்கே போவார்? விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போகும். கட்டணமே இல்லாத வகுப்புக்கும் அவர் தம் கூலியைத்தான் விலையாகக் கொடுக்கிறார்.

சட்டமும் உங்களைக் காலம் கடந்தே நினைத்துப்பார்க்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் வேலை இழந்தவர் புதுத் திறன் கற்பதற்கான மறுதிறன் நிதி என்று ஒன்று உண்டு. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி பதினைந்து நாள் ஊதியத்தை அதில் செலுத்த வேண்டும். ஆட்குறைப்பிலிருந்து 45 நாட்களுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்கு வந்துசேர வேண்டும். வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். ஆனாலும் ஒருவரை வெளியே அனுப்பிய பிறகுதான் அவர் கற்க வேண்டும் என்ற அக்கறை பிறக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே அந்தப் பேச்சு தொடங்கியிருக்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. சிங்கப்பூர் 1979 முதலே ஊதியத்தை அடிப்படையாகக் கொண்டு முதலாளிகளிடம் திறன் மேம்பாட்டுத் தீர்வை வசூலிக்கிறது; 2024இல் நாற்பது வயதைக் கடந்த குடிமக்களின் பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சேர்த்தது. அங்கும் 2017இல் ஒரு கும்பல் போலிக் கணக்குக் காட்டி ஏறக்குறைய 4 கோடி வெள்ளியைச் சுருட்டியது. பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும். எனக்கு அதைவிடப் பொருத்தமாகத் தோன்றுவது ஜெர்மனி 2024இல் கொண்டுவந்த முறை. தொழில் மாற்றத்தால் வேலை பாதிக்கப்படும் தொழிலாளர்கள் அதே நிறுவனத்தில் இருந்துகொண்டே பயிற்சி பெறும் காலத்தில், இழக்கும் நிகர ஊதியத்தில் 60 சதவீதத்தை, குழந்தைகள் இருந்தால் 67 சதவீதத்தை, அரசு வேலைவாய்ப்பு முகமை தருகிறது. பயிற்சிச் செலவு முதலாளியுடையது. தொழிலாளர் தரப்புடன் நிறுவன அளவிலோ தொழிற்சங்க அளவிலோ ஒப்பந்தம் போட்ட பிறகே பெரும்பாலும் இது கிடைக்கும் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யார் எதைக் கற்பது என்பதில் கற்கப்போகிறவருக்கும் குரல் இருக்கிறது.

ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்புக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974இலேயே 140ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. சிறு பட்டறைகளால் அந்தச் சுமையைத் தனியே தாங்க முடியாது என்பதும் உண்மை. ஆகவே தீர்வையும் அரசின் பங்கும் சேர்ந்த பொதுநிதி ஒன்றிலிருந்து அந்த நேரக் கூலி வர வேண்டும். வழங்கிய சான்றிதழ்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பயிற்சிக்குப் பின் எத்தனை பேர் மேல்நிலை வேலைக்குப் போனார்கள் என்பதைக் கொண்டே அந்த நிதியை அளக்க வேண்டும்.

இவையெல்லாம் நடக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். முன்கற்றலை, அதாவது வேலை அனுபவத்தில் ஏற்கெனவே கற்றதை, அங்கீகரிக்கும் சான்றிதழ் முறை இருக்கிறது. அருகிலுள்ள அரசு ஐடிஐயில் அதைப் பற்றியும் குறுகிய கால சிஎன்சி பயிற்சியைப் பற்றியும் விசாரியுங்கள். உங்கள் முதலாளியிடம் வாரத்தில் சில மணி நேரம், ஷிப்டுக்குள்ளேயே, அந்த இளைஞர்களுடன் இயந்திரத்தின் முன் நிற்க அனுமதி கேளுங்கள். அவர்கள் உங்களுக்குத் திரையைக் கற்பிக்கட்டும். நீங்கள் அவர்களுக்கு உலோகத்தைக் கற்பியுங்கள். கழிவாகும் ஜாப்கள் குறைந்தால் அதன் பலன் முதலாளியின் கணக்கிலும் தெரியும்.

அன்புடன்.