ஜெனரேட்டர் பணமும் சீரியல் விளக்கும்

அன்புள்ள ஐயா,

கடலூர் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில்) பேரவை உறுப்பினராக இருக்கிறேன். கோயிலுக்கு ஜெனரேட்டர் வாங்க வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினோம். அது திருவிழாப் பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் போய்விட்டது. கூட்டத்தில் கேட்டதற்கு, "பேரவை ஆலோசனை சொல்லத்தான், முடிவு என்னுடையது" என்றார் ஃபாதர். பணம் கொடுத்தவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். ராஜினாமா செய்துவிடலாமா?

ம., கடலூர்

அன்புள்ள ம.,

ஃபாதர் சொன்னது சட்டப்படி சரிதான். 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 536ஆம் பிரிவு பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் இடத்தை மட்டுமே தருகிறது. ஆனால் அடுத்த பிரிவை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். பேரவை வேண்டுமா என்பதை ஆயர் (பிஷப்) தீர்மானிக்கலாம். நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537. உங்கள் வழக்குக்கு நேராக வருவது 1267: ஒரு நோக்கத்துக்கென்று கொடுத்த காணிக்கையை அதற்கு மட்டுமே செலவிடலாம். மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதும் 1287இல் இருக்கிறது.

ஆகவே ஜெனரேட்டர் பணத்தில் ஆலோசனைக்கே இடமில்லை. நாலு பேர் முன்னால் கேட்டால் எந்தச் சாமியாரும் விறைத்துக்கொள்வார். நீங்களும் உங்களோடு வசூலுக்கு வந்தவர்களும் கையெழுத்துப் போட்டு, முதலில் நிதிக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், சுற்றுவட்டாரப் பங்குகளைக் கவனிக்கும் மறைவட்ட முதன்மைக் குருவிடம் போங்கள். தயவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அங்கே கணக்கு வராது, சண்டைதான் வரும்.

"மேய்ப்பரைக் கேள்வி கேட்கலாமா?" என்று உங்கள் வீட்டிலேயே யாராவது சொல்வார்கள். தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்வது விசுவாசிகளின் உரிமை, சில நேரம் கடமையும்கூட என்று 212ஆம் பிரிவே சொல்கிறது. நம் பக்கத்திலேயே பழைய சாட்சி உண்டு. புதுச்சேரிக் கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745இல் அந்த மக்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அன்று அவர்களுக்குப் பேரவையும் இல்லை, சட்டப் பிரிவும் இல்லை.

ராஜினாமா வேண்டாம். சாமியார் சில வருடத்தில் மாற்றலாகிப் போவார். தெருவை அறிந்தவர் நீங்கள்தான். கடலோரக் குடும்பங்கள் உள்ள பங்கு என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நேரத்தில் திருவிழா வரி கேட்டு நின்றால் எத்தனை வீட்டில் கதவு திறக்கும்? உள்ளூர் ஆட்களுக்கு இது மனப்பாடம். புதிதாக வந்த சாமியாருக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, எந்தக் குடும்பம் மனத்தாங்கலில் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டது, அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டம்) ஏன் பெண்கள் மட்டுமே வருகிறார்கள் என்பதெல்லாமும் அப்படித்தான். வீடுகளைச் சந்திப்பதும் நோயாளிகளைப் பார்ப்பதும் பங்குத்தந்தையின் கடமை என்று 529இல் இருக்கிறது. "சனிக்கிழமை நாலு வீட்டுக்குப் போவோம், ஃபாதர், நானும் வருகிறேன்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கணக்குக் கடிதத்தை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.