மீன் கூண்டுக்குப் பக்கத்தில் பாசித் தெப்பம்: எங்கே, எத்தனை?

கேள்வி: தொண்டிப் பக்கம் கடலில் 6 மீட்டர் விட்டமுள்ள கூண்டில் கடல்விரால் வளர்க்கிறேன். சுற்றிலும் மூங்கில் தெப்பங்களில் கடற்பாசி போட்டால் கழிவு போய்த் தண்ணீர் சுத்தமாகும் என்கிறார்கள். உண்மையா? எத்தனை தெப்பம் கட்டலாம்?

பதில்: பாதி உண்மை. மீன் தின்ற தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் பெரும்பங்கு செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறித் தண்ணீரில் கரைகிறது. பாசிக்கு அது உரம், உறிஞ்சி வளரும். ஆனால் மீன் தின்னாமல் விட்ட இரையும் எச்சமும் நேரே அடித்தரைக்குப் போய்விடும். மேலே மிதக்கும் பாசி அதைத் தொடாது. ஆகவே முதலில் இரையைக் கவனியுங்கள். சாளை, சூடை மீன்களை வெட்டிப் போடுகிறவராக இருந்தால், மீன் மேலே வந்து கவ்வும் வேகம் குறைந்ததுமே நிறுத்திவிட வேண்டும்.

சரி, தெப்பத்துக்கு வருவோம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் பாக் விரிகுடாவில், முனைக்காட்டில், உங்களுடையதைப் போன்ற ஒரு கடல்விரால் கூண்டோடு 16 மூங்கில் தெப்பங்களைச் சேர்த்துப் பார்த்தது. 45 நாள் சுற்றில் தெப்பத்துக்கு 390 கிலோ வரை பாசி கிடைத்தது. கூண்டு இல்லாத இடத்தில் 250 கிலோ.

தெப்பம் வழக்கமான 12 அடிச் சதுரம்தான். 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. மொத்தம் 60 கிலோ. அடியில் பழைய வலையைக் கட்டாமல் இறக்காதீர்கள். ஓரா மீன் கூட்டம் வந்தால் இளந்தளிர் மிஞ்சாது.

‘சுற்றிலும்’ என்பதை மட்டும் மறந்துவிடுங்கள். நாலாபுறமும் அடைத்தால் கூண்டுக்குள் நீரோட்டம் குறையும். போதாததற்கு இரவில் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். கூண்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்தில், 15 அடி தள்ளி, அரைவட்டமாக நிறுத்துங்கள். நீரோட்டம் திசை மாறினால் தெப்பத்தையும் மாற்ற வேண்டும்.

குஞ்சு விட்ட முதல் ஒன்றிரண்டு மாதம் மீன் தின்பதே கொஞ்சம், கழிவும் கொஞ்சம். அப்போதே 16 தெப்பமும் இறக்குவது வீண் செலவு என்பது என் கருத்து. நாலைந்தில் ஆரம்பித்து, மீன் பெரிதாகப் பெரிதாகக் கூட்டுங்கள். 45 நாளானால் அறுத்துவிட வேண்டும். பாசி கரையேறும்போதுதான் கழிவும் கடலைவிட்டு வெளியேறுகிறது. விலை ஏறட்டும் என்று விட்டுவைத்தால் துண்டு துண்டாக ஒடிந்து, அங்கேயே அழுகி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இங்கே எல்லோரும் போடுவது கப்பாபைகஸ், வெளியிலிருந்து வந்த இனம். மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளப் பாறைகளின் மேல் அது படர்ந்திருக்கிறது. ஒடிந்த துண்டுகளைக் கடலில் விடாமல் வலையால் அள்ளுங்கள். இடத்துக்கான அனுமதியை மீன்வளத் துறையில் கேட்டுவிட்டே மூங்கில் வாங்குங்கள். அப்புறம், வாடைக்காற்று தொடங்குவதற்குள் கடைசி அறுவடையை முடித்துத் தெப்பங்களைக் கரைக்கு இழுத்துவிடுங்கள். அலையில் கயிறு அறுந்த தெப்பம் கூண்டின் வலையைக் கிழித்தால் மீனும் போய்விடும்.