தோள் வலிக்கு ஸ்டெம் செல் ஊசி: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். வயது 52. தொரட்டி பிடித்துப் பறித்தே வலது தோளைத் தூக்கினாலே வலிக்கிறது. எம்.ஆர்.ஐ.யில், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் பாதி கிழிந்திருப்பதாகத் தெரிந்தது. பெங்களூரில் ஒரு மையத்தில், தொடைத் தசையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து அன்றைக்கே தோளில் ஊசி போட்டால் புதுத் தசைநாண் வளரும், இரண்டு லட்சம் ஆகும் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் ஐயா. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

அவர்கள் சொல்வதற்கு ஓர் அடிப்படை இருப்பது உண்மைதான். தசை இழையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒருவகை ஸ்டெம் செல்லை, அதாவது பெருகிப் புதுத் திசுவை உருவாக்கக்கூடிய செல்லை, 1961இல் விஞ்ஞானி அலெக்சாண்டர் மௌரோ கண்டறிந்தார். தசையில் காயம் பட்டால் இவைதான் பெருகி அதைச் சரிசெய்கின்றன. தசைநாணிலும் ஸ்டெம் செல்கள் உண்டு என்று 2007இல் தெரியவந்தது. முழங்கால் அறுவை சிகிச்சையில் மிஞ்சும் தசைநாண் துண்டிலிருந்துகூட ஆய்வுக்கூடங்களில் அவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள்.

ஆனால் "அன்றைக்கே" என்ற பேச்சுதான் எனக்கு இடிக்கிறது. ஒரு துண்டுத் தசையில் இந்தச் செல்கள் மிகக் கொஞ்சம். நொதி சேர்த்துத் திசுவைக் கரைத்து, செல்களைப் பிரித்து, கிருமி நுழையாத ஆய்வுக்கூடத்தில் வாரக்கணக்கில் பெருக்க வேண்டும். சந்தூர் நர்சரியில் ஒட்டுக் கட்டிய அன்றே கன்றை விற்பனைக்கு வைக்கிறார்களா? அதே கதைதான். காலையில் எடுத்து மாலையில் போடும் ஊசி பெரும்பாலும் உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த, தட்டணுக்கள் செறிந்த திரவமான பி.ஆர்.பி.யாகவோ எலும்பு மஜ்ஜைச் சாறாகவோ இருக்கும். அப்புறம், தசை செய்யும் செல்லைத் தசைநாணில் விட்டால் அது தசைநாணாகிவிடும் என்ற உறுதியும் கிடையாது. ஆய்வக விலங்குகளில், தசைநாணுக்குள் விட்ட செல்கள் சில சமயம் எலும்பாக மாறியிருக்கின்றன.

நம் நாட்டின் 2017 ஸ்டெம் செல் நெறிமுறைப்படி, அங்கீகாரம் பெறாத சிகிச்சையை ஆராய்ச்சியாக மட்டுமே தரலாம். அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அந்த மையத்தில், மருத்துவ ஆய்வுகளுக்கான நாட்டின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழு அனுமதியையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

சரி, தோளுக்கு என்ன செய்வது? கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டுங்கள். பாதிக் கிழிசல் பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே தேறுகிறது. பிசியோதெரபி பயிற்சியை மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும்; தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் மெதுவாகத்தான் ஆறும். அதுவரை தொரட்டியைத் தொடாதீர்கள், பறிக்க ஆள் வையுங்கள். சர்க்கரை பாருங்கள், அது கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் தோள் இறுகிப்போகலாம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் காயம் ஆறுவது தாமதமாகும். ஸ்டீராய்டு ஊசி வலியைக் குறைக்கும், ஆனால் அடிக்கடி போட்டால் தசைநாண் பலவீனமாகும்.

ஒருநாள் திடீரென்று கையைத் தூக்கவே முடியாமல் போனால், தசைநாண் முழுதாக அறுந்திருக்கலாம். அப்போது பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; சீக்கிரம் தைத்தால்தான் பலன் நன்றாக இருக்கும்.