தாழ்வான கார் கேட் சரிவில் உரசுகிறதா? காரை விடுங்கள், சரிவைத் திருத்துங்கள்

கேள்வி: செகண்ட்ஹேண்டில் பிஎம்டபிள்யூ இசட்4 வாங்கியிருக்கிறேன். சென்னையில் எங்கள் வீட்டு கார் ஷெட் தெருவைவிட ஓர் அடி உயரம். கேட்டுக்கு உள்பக்கம் 6 அடி நீளத்துக்குச் சரிவு போட்டிருக்கிறது. ஏறும்போதெல்லாம் முன் பம்பரின் அடி உரசுகிறது. இருவராக வந்தால் காரின் நடு அடியும் தட்டுகிறது. ஸ்பிரிங்கில் ரப்பர் பஃபர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அக்சஸரீஸ் கடைகளில் இந்தப் பஃபரைத் தள்ளிவிடப் பார்ப்பதற்கு ஒரே காரணம், அதில் கிடைக்கும் லாபம். ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே அந்த ரப்பரைச் செருகினால் அந்தச் சுற்றுகள் வேலை செய்யாது. மொத்தப் பளுவையும் மீதிச் சுற்றுகளே சுமக்கும், பள்ளத்தில் விழும் அடி நேராக ஸ்ட்ரட் மவுண்டுக்கு (ஸ்பிரிங் அமைப்பு காரின் உடலோடு சேரும் இடம்) போகும். இத்தனைக்கும் கார் உயர்வது ஒரு விரல் தடிமன்தான். உயரமான டயர் மாட்டச் சொல்வதும் இதே ரகம். 235/40 ஆர்18 டயரை 235/45 ஆக்கினால் (இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் டயர் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது) கார் 12 மி.மீ. மட்டுமே உயரும். டயரின் விட்டமோ மூன்றரை சதவீதத்துக்கு மேல் கூடிவிடும், ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். ஸ்பிரிங்கையே மாற்றித் தருகிறோம் என்று யாராவது வந்தால், வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால், காப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடலாம்.

உங்கள் வீட்டில் பிழை சரிவில்தான் இருக்கிறது. முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பம்பரின் அடி உதடு வரை டேப் வைத்து அளந்து, அதைத் தரையிலிருந்து உதட்டின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். 90 செ.மீ. நீளமும் 11 செ.மீ. உயரமும் என்றால் விடை ஏறக்குறைய 8. அதாவது, 8 அடிக்கு 1 அடி ஏறும் சரிவு வரைதான் அந்தக் கார் தாங்கும். உங்களுடையது 6 அடிக்கு 1 அடி. போதாததற்கு, மழைநீர் வடிய தெருவே ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். கார் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு வந்து சரிவில் மோதுகிறது. அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் மூக்கு இன்னும் இறங்கும். நடு அடி தட்டுவது சரிவின் மேல் முனையில். இசட்4-இன் முன் பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் 247 செ.மீ. நடு அடி 11 செ.மீ. உயரத்தில் இருந்தால் 6-க்கு 1 முனையை மயிரிழையில் தாண்டிவிடும். இருவர் உட்கார்ந்து ஒன்றரை செ.மீ. இறங்கினால் தாண்டாது.

உரசும் இடத்தைத் தெரிந்துகொள்ள, சரிவில் கோலமாவைத் தூவிவிட்டு ஒருவரை டார்ச்சுடன் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். காரை நடை வேகத்தில் ஏற்றினால், மாவு வழிக்கப்பட்டிருக்கும் இடமே உங்களுக்கு விடை. பலருக்கு அது கேட்டின் தண்டவாளமாக இருக்கும். ஸ்லைடிங் கேட்டின் இரும்பு ரெயில் ஓர் அங்குலம் துருத்திக்கொண்டு நிற்பது மேஸ்திரிகளின் கண்ணில் படுவதே இல்லை. அதைத் தளத்துக்குள் பதிக்க வேண்டும். மழைநீர் வராதிருக்க கேட்டடியில் வரப்பு போலச் சிமெண்டுத் திண்டு கட்டியிருந்தால் இடித்துவிட்டு, அந்த இடத்தில் இரும்புக் கிரில் மூடிய வாய்க்கால் வையுங்கள்.

ஓர் அடி உயரத்தை 14 அடி நீளத்தில் மூன்று துண்டாக ஏற்றுங்கள். கீழே முதல் 4 அடியில் 6 செ.மீ. மட்டும், நடு 6 அடியில் 18 செ.மீ., மேலே கடைசி 4 அடியில் மறுபடியும் 6 செ.மீ. இப்படிச் செய்தால் மூக்கும் தப்பும், நடு அடியும் தப்பும். இதற்கு ஷெட் தரையின் முன்பக்கம் 8 அடியை உடைக்க வேண்டிவரும். பழைய சரிவின்மேல் சிமெண்டுக் கலவையைப் பூசி முடித்துவிடலாம் என்பார் மேஸ்திரி. விடாதீர்கள், மெல்லிய ஓரம் முதல் மழைக்காலத்திலேயே பெயர்ந்துவிடும். பழையதைக் கொத்தி எடுத்து, அடியை நன்றாகத் திமிசு போட்டு இறுக்கி, 8 மி.மீ. கம்பியை 15 செ.மீ. இடைவெளியில் கட்டி, 5 அங்குலத் தடிமனில் எம்20 தரக் கான்கிரீட் போடுங்கள். 9 அடி அகலத்துக்கு ஏறக்குறைய 12 மூட்டை சிமெண்ட் ஆகும். மேல்பரப்பில் குறுக்காகத் துடைப்பக் கோடு போடுங்கள், டைல்ஸ் வேண்டாம். பிபிசி (போர்ட்லேண்ட் போசோலானா) சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரச்சாக்கு போட்டு நனைக்க வேண்டும். கார் ஏற்ற 14 நாளாவது பொறுங்கள்.

அதுவரை காரைக் கோணலாக ஏற்றலாம். ஒரு முன் சக்கரம் முதலில் ஏறினால் மூக்கின் அந்த ஓரமும் உயர்ந்துவிடும். பிரேக்கைச் சரிவுக்கு முன்பே விட்டுவிடுங்கள். கேட் 10 அடிதான் என்றால் இதற்கு அதிகம் இடம் இருக்காது.

காரைத் தொடாதீர்கள் என்று சொன்னதற்கு ஒரே விதிவிலக்கு, கம்பெனியிலேயே பொருத்தி வரும் முன் அச்சு லிஃப்ட். போர்ஷே 911-இல் இது மூக்கைச் சுமார் 40 மி.மீ. உயர்த்தும். இது இருந்தால் சரிவின் அடியில் பம்பர் உரசும் சிக்கல் பெரும்பாலும் தீரும். 11 செ.மீ. உதடு 15 ஆனால் 6-க்கு 1 சரிவுக்குச் சரியாகப் போதும், தெருவின் சாய்வையும் சேர்த்தால் அதுவும் இழுபறிதான். மேல் முனையில் நடு அடி தட்டுவதற்கு லிஃப்ட் பாதி உதவிதான் செய்யும். மூக்கு 40 மி.மீ. உயர்ந்தால் நடுப்பகுதி அதில் பாதிதான் உயரும். பின்புறம் உயரவே உயராது. இறங்கும்போதும் பட்டனை அழுத்த மறக்கக் கூடாது. வெளிக்கடைகளில் மாட்டித் தரும் ஏர் லிஃப்டுக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது, அது மேலே சொன்ன 52-ஆம் பிரிவுக்குள் வந்துவிடும்.

இன்னொன்று. கேட்டுக்கு வெளியே சரிவை நீட்டச் சொல்லி, "கார்ப்பரேஷனில் பேசி வாங்கித் தருகிறேன்" என்று புரோக்கர் எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தெருவில் நீளும் சரிவு ஆக்கிரமிப்பு. வடிகால் வேலை வந்தால் முதலில் இடிபடுவது அதுதான், இழப்பீடும் கிடையாது. தெருவோரம் போட்டு வைக்கும் ரப்பர் ராம்ப்பும் தண்ணீரை அடைக்கும், இருசக்கர வண்டிக்காரரைக் கவிழ்க்கும்.

வேலையைத் தொடங்குமுன் வார்டு உதவிப் பொறியாளரிடம், தெருவுக்குப் புதுத் தார் போடும் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-லேயே அரசு உத்தரவிட்டுவிட்டது. அப்படியும் தாரின்மேல் தாரைக் கொட்டிவிட்டுப் போகும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அளந்து கட்டிய சரிவின் அடியில் இரண்டு அங்குலம் புதைந்தாலோ புதிதாக ஒரு விளிம்பு முளைத்தாலோ உங்கள் செலவு மொத்தமும் வீண். வீடு கட்டுகிறவர் ஒவ்வொரு மட்டத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும், தெருவின் மட்டத்தை மாற்றுகிறவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது என்ன நியாயம்? சுரண்டாமல் போட வந்தால் அன்றைக்கே மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

மேஸ்திரிக்கான கடைசித் தவணையை, ரசமட்டம் வைத்து மூன்று துண்டின் உயரத்தையும் நீங்களே அளந்த பிறகு கொடுங்கள்.