பால்பல்லுத்தானே எண்டு விடுறதுக்கு முதல்

தங்கச்சி, உங்கட கேள்வியை மற்ற ஆக்களுக்கும் விளங்கிறமாதிரி முதல்ல சுருக்கிச் சொல்லுறன். நீங்கள் லண்டனில இருந்து கிளிநொச்சிக்கு வந்து கொஞ்சக் காலந்தான். ஒண்டே முக்கால் வயசு மகன் நேற்றுப் பின்னேரம் விறாந்தைப் படியில முகம் குப்புற விழுந்து, மேல் முன்பல்லு ஒண்டு பாதிக்கு மேல முரசுக்குள்ள ஏறிட்டுது. பக்கத்துப் பல்லு ஆடுது. அங்க எண்டால் 111 எண்ட வைத்திய ஆலோசனை நம்பருக்கு அடிச்சுக் கேக்கலாம், இங்க ஆரைக் கேக்கிறது, வீட்டில எல்லாரும் "பால்பல்லுத்தானே, விடு" எண்டினம், விடலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

வெளியில இருந்து வந்து வன்னியில குடியிருக்கிற எங்களுக்கு இது வழமையா வாற குழப்பம். மாமியாரும் அயலும் சொல்லுறது பாதி சரி. உள்ள ஏறின பால்பல்லைப் பெரும்பாலும் டொக்டரும் இழுக்கமாட்டார், நிமிர்த்தமாட்டார், விட்டுத்தான் பார்ப்பார். ஆனா அவர் பார்த்து, எக்ஸ்ரே படம் எடுத்து, என்ன நடந்திருக்கு எண்டு தெரிஞ்சுகொண்டு விடுறார். வீட்டில விடுறது ஒண்டும் தெரியாமல் விடுறது. நாளைக்குக் காலமை கட்டாயம் கொண்டுபோங்கோ. இப்பிடி உள்ள ஏறின பல்லை இரண்டு மூண்டு நாளுக்குள்ள ஒரு பல் டொக்டர் பார்க்கவேணும்.

ஏனெண்டால், பால்பல்லின்ர வேருக்குப் பின்னால, அண்ணப் பக்கமா, நிரந்தரப் பல்லின்ர குருத்து இருக்கு. இந்த வயசில அந்தக் குருத்தின்ர எனாமல் இன்னும் கட்டுப்படுகிற நேரம். நாலு அஞ்சு வயசில தான் அது முடியும். பால்பல்லின்ர வேர் மேல ஏறி அதில இடிச்சால், ஆறேழு வயசில முளைக்கிற பல்லில வெள்ளைப் புள்ளியோ மஞ்சள் கறையோ பள்ளமோ வரலாம். இடிச்ச இடியை இனித் திருப்பி எடுக்க ஏலாது. ஆனா அதுக்கு மேல கிருமி பிடிச்சுச் சீழ் கட்டினால் குருத்துக்கு ரண்டாம் தரமும் பாதிப்பு வரும். அதைத் தடுக்கலாம். அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

பல்லை விட முக்கியமானது தலை. விழுந்தவுடன மயங்கினவரோ, பேந்து திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தவரோ, எழுப்ப எழுப்ப நித்திரையாப் போறாரோ, வலிப்பு வந்ததோ, மூக்காலயோ காதாலயோ தண்ணியோ ரத்தமோ வந்ததோ எண்டு யோசியுங்கோ. இதில ஒண்டு இருந்தாலும் காலமை வரைக்கும் நிக்கவேண்டாம். 1990க்கு அடியுங்கோ. சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை, வடக்கில 2018 இல இருந்து ஓடுது. வாயை வடிவா மூட முடியாமல் பல்லு முட்டிக்கொண்டு நிண்டாலும், ரண்டு மூண்டு பல்லு ஒண்டா ஒரு துண்டு எலும்போட சேர்ந்து ஆடினாலும் அதுவும் இரவெண்டாலும் போகவேண்டிய விஷயம், ஏனெண்டால் அது தாடை எலும்பு முறிவா இருக்கலாம்.

இன்னொண்டு: பல்லு உள்ளுக்குத்தான் ஏறினது எண்டு எப்பிடித் தெரியும்? நுனி வெளியில தெரிஞ்சால் சரி. ஒண்டும் தெரியாமல் ஓட்டைதான் இருக்கெண்டால், விழுந்த பல்லைத் தேடிக் கண்டுபிடிச்சாலே ஒழிய, அது முழுக்க உள்ளுக்குப் போயிருக்கலாம், விழுங்கியிருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கலாம். விழுங்கினால் பயமில்லை. விழுந்த நேரத்தில இருந்து விடாத இருமலோ இழுப்போ இருந்தால் நெஞ்சுப் படம் எடுக்கவேணும் எண்டு நீங்களே வாயால கேளுங்கோ. சொண்டு கிழிஞ்சு பல்லும் உடைஞ்சிருந்தால், உடைஞ்ச துண்டு சொண்டுக்குள்ள இருக்கலாம் எண்டதையும் ஞாபகப்படுத்துங்கோ. அவசரத்தில தைச்சு விட்டால் அது உள்ள இருந்து வீங்கும்.

இண்டைக்கு இரவு வீட்டில செய்யக்கூடியது அதிகமில்லை. ரத்தம் வந்தால் கொதிச்சு ஆறின தண்ணியில நனைச்ச சுத்தமான துணியை வைச்சு பத்து நிமிஷம் அமத்திப் பிடியுங்கோ. இடையில எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது, பார்க்கப் பார்க்க உறைஞ்சது பிரியும். மேற்சொண்டையும் முரசையும் பிடிக்கிற நடு நரம்பு மாதிரியான மெல்லிய தோல் கிழிஞ்சால் ரத்தம் வெருட்டிற அளவுக்கு வரும், ஆனா பெரும்பாலும் தையல் தேவைப்படாது. சொண்டைத் தூக்கத் தூக்க அந்தக் காயம் திரும்பப் பிரியும், அதால வாறவை எல்லாருக்கும் தூக்கிக் காட்டவேண்டாம். வீக்கத்துக்கு, துணியில சுத்தின ஐஸை வெளியால சொண்டில வையுங்கோ. பிள்ளை விடாட்டில் ஐஸ்பழம் ஒண்டு குடுங்கோ, அதுவே வேலை செய்யும்.

கராம்பெண்ணெய், கோப்பித்தூள், மஞ்சள் ஒண்டும் வைக்கவேண்டாம். கராம்பெண்ணெய் இந்த வயசுப் பிள்ளையின்ர முரசைச் சுடும். தூள் காயத்துக்குள்ள இருந்து அழுக்காகும், டொக்டருக்கும் பார்க்க ஏலாது. பல்லை விரலால இழுத்து இறக்கவும் வேண்டாம். அப்பம்மா ஆராவது "மெல்லமா இழுத்தால் வரும்" எண்டு சொன்னால், மரியாதையாத் தடுத்துப் போடுங்கோ.

நோவுக்குப் பரசிற்றமோல் பாணி. அளவு வயசில இல்லை, நிறையில: ஒரு கிலோவுக்கு 10 இல இருந்து 15 மில்லிகிராம். போத்திலில 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் எண்டு எழுதியிருந்தால், 12 கிலோப் பிள்ளைக்கு ஒரு தரத்துக்கு 5 இல இருந்து 7.5 மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேல இல்லை. லண்டனில இருந்து கொண்டுவந்த போத்திலும் இங்க வாங்கின போத்திலும் ஒரே செறிவு எண்டு நினைச்சு ஊத்தவேண்டாம், லேபலைப் பாருங்கோ. ஐபுப்ரொஃபெனை டொக்டர் சொல்லாமல் குடுக்காதேங்கோ. இது டெங்கு உள்ள இடம், காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது ரத்தக்கசிவைக் கூட்டும். அஸ்பிரின் சின்னப் பிள்ளையளுக்குக் கூடவே கூடாது. பார்மசியில கேட்டு அன்ரிபயோட்டிக் வாங்கிக் குடுக்கிற பழக்கமும் இங்க இருக்கு. இடிபட்ட பல்லுக்கு மட்டும் அது வழமையாத் தேவையில்லை. காயம் அழுக்காயிருந்தால் டொக்டர் எழுதுவார்.

எங்க போறது எண்டால்: கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கே போங்கோ. முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலயும் அதேமாதிரி மாவட்ட வைத்தியசாலை இருக்கு. அரசாங்க ஆசுப்பத்திரியில பல்லு வைத்தியம் இலவசம். லண்டன் மாதிரி முதலே பெயர் பதிஞ்சு அப்பொயின்ற்மன்ற் எடுக்கிற முறை இல்லை. வெள்ளணப் போய்த் துண்டு எடுத்து வரிசையில இருக்கவேணும். ஆனா துண்டு குடுக்கிற இடத்தில "பிள்ளை விழுந்து பல்லு அடிபட்டது" எண்டு வடிவாச் சொல்லுங்கோ, "பல்லுக் காட்ட வந்தனாங்கள்" எண்டு மட்டும் சொன்னால் சூத்தைப் பல்லுக்காரரோட சேர்த்து இருத்திப் போடுவினம். பல்லுப் பகுதி பகலில தான். இரவில அவசர சிகிச்சைப் பிரிவு டொக்டர் தலையையும் ரத்தத்தையும் காயத்தையும் பார்த்து, காலமை பல்லுப் பகுதிக்கு அனுப்புவார். பின்னேரங்களில ரவுணில பிரைவேற்றாவும் பல் டொக்டர்மார் பார்க்கினம். அங்க போறதெண்டால், சின்னப் பிள்ளையளுக்குப் படம் எடுக்க வசதி இருக்கோ எண்டு முதலே போனில கேளுங்கோ. நிறைய இடத்தில பெரிய ஆக்களுக்குரியதுதான் இருக்கும். மேல விசேட வைத்தியருக்கு அனுப்பவேணுமெண்டால் ஏ9ஆல யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ வவுனியாவுக்கோ கடிதம் தருவினம். கடிதம் இல்லாமல் நேர போறதைவிடக் கடிதத்தோட போறது கெதி.

கொண்டுபோகவேண்டியது: விழுந்த நேரம், எதில அடிபட்டது எண்ட விவரம், அடிபடுறதுக்கு முதல் சிரிச்சுக்கொண்டு நிக்கிற படம் ஒண்டு போனில, லண்டனில தந்த சிவப்புப் புத்தகம் (பிள்ளையின்ர சுகாதாரப் பதிவுப் புத்தகம்). படம் ஏனெண்டால் பல்லு முதலே எப்பிடி நிண்டது எண்டு டொக்டருக்கு ஒப்பிட வேணும். சிவப்புப் புத்தகம் ஏற்புத் (ரெற்றனஸ்) தடுப்பூசி போட்ட விவரம் பார்க்க. இங்கத்தைப் பிள்ளையளுக்கு 2, 4, 6 மாதத்திலயும் பேந்து 18 மாதத்திலயும் அந்த ஊசி போகும். அங்கத்தை அட்டவணை வேற. உங்கட மகன் ரண்டுக்கும் நடுவில விடுபட்டிருக்கலாம். ஆசுப்பத்திரி அலுவல் முடிய அந்தப் புத்தகத்தை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொண்டுபோய், உங்கட பகுதிக் குடும்பநல மாதுவிட்டக் காட்டி இங்கத்தைப் பதிவேட்டில ஏத்துங்கோ.

பார்க்கிற நேரம் பிள்ளை கதிரையில இராது. டொக்டரும் நீங்களும் முழங்காலோட முழங்கால் முட்ட எதிரெதிரா இருந்து, பிள்ளையை உங்களைப் பார்க்க மடியில வைச்சு, தலையை டொக்டரின்ர மடியில சரிக்கிறது தான் வழி. அவற்ற கால் உங்கட இடுப்பைச் சுத்தி, கை உங்கட கைக்குள்ள. அழுவார். அழுதால் வாய் திறக்கும், அது நல்லதுக்குத்தான். எக்ஸ்ரே படம் எடுக்கேக்க கர்ப்பமா இருக்கிற ஆள் பிடிக்கக்கூடாது, வேற ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

படத்தில டொக்டர் பார்க்கிறது, பல்லு சொண்டுப் பக்கமா ஏறினதோ குருத்துப் பக்கமா ஏறினதோ எண்டு. பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாத் தெரிஞ்சால் வேர் சொண்டுப் பக்கம், நீட்டாத் தெரிஞ்சால் குருத்துப் பக்கம். முந்தி குருத்துப் பக்கம் போனதைக் கழட்டிப்போடுறவை. பல்லுக் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020 இல வெளியிட்ட வழிகாட்டியில, எந்தப் பக்கம் போனாலும் தானாக இறங்க விடச் சொல்லித்தான் இருக்கு, கழட்டிற வேலையே குருத்தில படலாம் எண்டதால. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள்ள இறங்கிவரும், சிலதுக்கு ஒரு வருஷமும் எடுக்கும். ஆடுற பக்கத்துப் பல்லு இடம் மாறாமல் நிண்டால் அதுக்கும் ஒண்டும் செய்யத் தேவையில்லை, தானாக இறுகும். மூண்டு மில்லிமீற்றருக்கு மேல கீழ இறங்கித் தொங்கினாலோ, கடிக்கேக்க முட்டினாலோ தான் கழட்டிறதைப் பற்றிக் கதைப்பினம்.

காட்டிப்போட்டு வந்தாப்பிறகு தான் உங்கட வேலை தொடங்குது. ஒரு கிழமைக்கு கச்சான், முறுக்கு, கரும்பு வேண்டாம். சொதி விட்டுக் குழைச்ச இடியப்பம், கஞ்சி, தயிர்ச்சோறு காணும், சூடு ஆறினது. பால் குடிக்கிற பிள்ளையெண்டால் தாய்ப்பால் தொடர்ந்து குடுக்கலாம். சூப்பியையும் போத்திலையும் இந்தக் கிழமை தள்ளி வைச்சால் நல்லது. துலக்கிறதை நிப்பாட்டவேண்டாம். இதிலதான் கூடுதலாப் பிழை நடக்குது: நோகும் எண்டு விட, முரசோரம் ஊத்தை கட்டி, அதால கிருமி ஏறும். மெல்லிய பிரஷால மற்றப் பல்லுகளை வழமைபோலவும், அடிபட்ட இடத்தை மதுசாரம் இல்லாத 0.1 இல இருந்து 0.2 வீத குளோர்ஹெக்சிடின் எண்ட கிருமிநீக்கியில நனைச்ச பஞ்சால காலமையும் இரவும் ஒரு கிழமைக்குத் துடையுங்கோ. கொப்பளிக்கக் குடுக்கவேண்டாம், விழுங்குவார்.

பேந்து ஒரு கிழமையில, ஆறு எட்டுக் கிழமையில, ஆறு மாதத்தில, ஒரு வருஷத்தில காட்டவேணும். ஆறு வயசில நிரந்தரப் பல்லு வாற நேரமும் ஒருக்கா. இடையில பல்லு சாம்பல் நிறமா மாறினால் பதறவேண்டாம். நிறம் மட்டும் மாறினால் ஒண்டும் செய்யத் தேவையில்லை, சிலது திரும்ப வெளிக்கும். மஞ்சளா மாறினால் உள் நரம்புக் குழாய் தானாக மூடுது எண்டு அர்த்தம், அதுவும் பயமில்லை. பயப்படவேண்டியது வேற: முரசில பரு மாதிரி ஒரு பொக்குளம், சீழ், இறுகின பல்லு திரும்ப ஆடுறது, அந்தப் பக்கம் கடிக்க மறுக்கிறது, முகம் வீங்கிறது. இதில ஒண்டைக் கண்டாலும் அடுத்த தவணைக்குக் காத்திருக்காதேங்கோ. காய்ச்சலோட முகவீக்கம் எண்டால் அண்டைக்கே.

வவுனியாப் பக்கம் குடிபோற யோசனை இருக்கெண்டு எழுதியிருக்கிறீங்கள். அங்க சில கிணத்துத் தண்ணியில புளோரைட் கூட, பிள்ளையளின்ர நிரந்தரப் பல்லில கறை வாறது சாதாரணம். பிறகொரு காலத்தில மகன்ர பல்லில புள்ளியைக் கண்டால் எது எதால எண்டு குழம்பவேண்டாம்: தண்ணியால வாறது ரண்டு பக்கமும் ஒரே சோடியா, கன பல்லில வரும், அடிபட்டதால வாறது அந்த இடத்துப் பல்லில மட்டும் நிக்கும். குடிதண்ணியைப் பரிசோதிப்பிச்சுக்கொண்டு குடிபோங்கோ.

கடைசியா, மூத்த மகளுக்கு எட்டு வயசு எண்டீங்கள். அவவின்ர முன்பல்லு இப்ப நிரந்தரப் பல்லா இருக்கும், அதால அவவுக்கு விதி தலைகீழ். பால்பல்லு முழுக்கக் கழண்டு விழுந்தால் திரும்ப வைக்கவே கூடாது, வைச்சால் குருத்தில இடிக்கும். நிரந்தரப் பல்லு விழுந்தால் அந்த நிமிஷமே வைக்கவேணும். வேரைத் தொடாமல் வெள்ளைப் பக்கத்தில பிடிச்சு, மண் இருந்தால் பாலிலயோ அவவின்ர துப்பலிலயோ ஒருக்கா அலசி, குழிக்குள்ள சரியான பக்கமாத் திருப்பி வைச்சு, துணியைக் கடிச்சுக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போகவேணும். வைக்கப் பயமெண்டால் ஒரு கோப்பை பசும்பாலுக்குள்ள போட்டுக் கொண்டு போங்கோ. தண்ணியில போடக்கூடாது, கடுதாசியில சுத்தக்கூடாது. காயவிட்ட பல்லில ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வேரைச் சுத்தின உயிர்க்கலம் ஒண்டும் மிஞ்சாது. பள்ளிக்கூடத்து வகுப்பு ரீச்சருக்கும் இதைச் சொல்லிவையுங்கோ, பிள்ளையள் விழுறது கூடுதலா அங்கதான்.