ஒட்டினால் ஓட வேண்டும்: கட்டளை எடுத்துக்காட்டுகள் குறித்துக் கேள்வி-பதில்

கணினி ஆவணத்தில் கட்டளை எழுதும்போது, டெர்மினலில் (கட்டளை தட்டச்சு செய்யும் திரை) தெரிவதுபோல் அதற்கு முன்னால் $ குறி போடலாமா? (கோவை வாசகர்)

கட்டளை மட்டும் தனியாக இருந்தால் வேண்டாம். கட்டளையும் வெளியீடும் ஒரே கட்டத்தில் வந்தால் போடுங்கள். எதைத் தட்டச்சு செய்வது என்று அப்போதுதான் தெரியும். ரூட் பயனருக்கு (முழு உரிமையுள்ள நிர்வாகி) # போடும் வழக்கம் இதைவிட ஆபத்து. $ குறியோடு ஒட்டினால் பிழைச்செய்தியாவது வரும். # குறியோடு ஒட்டினால் பாஷ் ஷெல் (கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) அந்த வரியைக் குறிப்புரை என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். வாசகர் வேலை முடிந்ததென்று அடுத்த படிக்குப் போய்விடுவார். ரூட் உரிமை தேவை என்பதை வாக்கியத்தில் சொல்லுங்கள், அல்லது அந்த உரிமையோடு ஓட்டும் சூடோ கட்டளையைச் சேர்த்து எழுதுங்கள்.

டெர்மினல் திரையைப் படமாகப் பிடித்துப் போடலாமா?

கூடாது. நகலெடுக்க முடியாது, தேட முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கும் எட்டாது.

நீங்கள் சொன்னபடியே எழுதினேன். ஆனால் படிப்பவர்கள் கட்டளை ஓடவில்லை என்கிறார்கள். ஏன்? (மதுரை வாசகர்)

எந்தக் கட்டளை, என்ன பிழைச்செய்தி? இரண்டையும் எழுதாமல் காரணம் மட்டும் கேட்டால் எப்படி? நல்ல வேளையாக, ஆவணத்தை வேர்டில் தயாரித்ததாகக் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. நோய் அங்கேதான்.

எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது. கடிதம் எழுதுவதற்கான மென்பொருள் உங்கள் எழுத்தை அழகுபடுத்தப் பார்க்கும். நேர் மேற்கோள் குறியை வளைத்துவிடும். ஷெல்லுக்கு வளைந்த குறி மேற்கோளே அல்ல, எனவே இடைவெளி உள்ள கோப்புப் பெயர் இரண்டாக உடையும். இரட்டை ஹைஃபனை ஒரே நீளக் கோடாக்கிவிடும். நிரல் அதைத் தன் வேலையை மாற்றும் விருப்பத்தேர்வாகக் கொள்ளாமல் ஏதோ கோப்பின் பெயர் என்று தேடும். வரியின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். லினக்ஸில் அது வேறு கட்டளை. எல்லாவற்றிலும் கொடியது உடையா இடைவெளி, அதாவது அந்த இடத்தில் வரி உடையாதபடி தடுக்கும் தனி எழுத்து. பார்த்தால் சாதாரண இடைவெளி போலவே இருக்கும். ஷெல்லோ சரியாகத் தெரியும் கட்டளையையே காட்டி, அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். புதிதாகக் கற்பவர் தன்மீதுதான் தவறு என்று எண்ணி அங்கேயே விட்டுவிடுவார்.

ஒற்றை இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு 2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் நிரலே சாட்சி. அழிக்கும் கட்டளையில் /யூஎஸ்ஆர் (நிரல்கள் இருக்கும் முக்கியக் கோப்புறை) என்பதை அடுத்து ஓர் இடைவெளி தவறி விழுந்தது. உள்ளிருந்த ஒரு கோப்புறைக்குப் பதிலாக /யூஎஸ்ஆர் முழுவதும் அழிந்தது.

கட்டளைகளை எளிய உரைத்திருத்தியில் எழுதுங்கள். வெளியிடும் முன், வெளியாகப் போகும் பக்கத்திலிருந்தே நகலெடுத்து, புது டெர்மினலில் ஒட்டி ஓட்டிப் பாருங்கள்.

வாசகர் தம் கோப்பின் பெயரை இட வேண்டிய இடத்தை < > போட்டுக் காட்டுகிறேன். சரிதானே?

கட்டளையின் இலக்கண விளக்கத்தில் சரி, ஒட்டுவதற்கான எடுத்துக்காட்டில் சரியில்லை. ஷெல்லில் < என்றால் கோப்பிலிருந்து படி, > என்றால் கோப்பில் எழுது. உள்ளிருக்கும் பெயரை மட்டும் மாற்றி, குறிகளை அப்படியே விட்டால், அடுத்து நிற்கும் பெயருள்ள கோப்பு காலியாகிவிடலாம். பெரிய எழுத்தில், சொற்களை அடிக்கோட்டுக் குறியால் (_) இணைத்த பெயர் போதும். எதை மாற்ற வேண்டும் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். பிறகு, மறுபடியும் சொல்கிறேன், ஒட்டி ஓட்டிப் பாருங்கள்.

நீண்ட கட்டளையை எங்கே உடைப்பது?

எண்பது எழுத்துக்குள், ஒரு விருப்பத்தேர்வு தொடங்கும் முன். பாஷில் வரியின் இறுதியில் பின்சாய்வுக் கோடு (\) போடுங்கள். அதன் பின் இடைவெளி விழுந்தால் கட்டளை அங்கேயே முறியும். விண்டோஸின் பவர்ஷெல்லுக்கு இந்தக் கோடு செல்லாது.

எடுத்துக்காட்டுக்கு எந்த ஐபி முகவரி தருவது?

உங்கள் அலுவலகத்தினுடையதை அல்ல! 192.0.2.0 முதல் 192.0.2.255 வரை ஆவணங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். இணையப் பெயருக்கு எக்ஸாம்பிள்.காம், 1999 முதல் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள்.

கட்டளைப் பெயரோடு வேற்றுமை உருபைச் சேர்க்கலாமா?

வேண்டாம். கட்டளை எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும். கிரெப் கட்டளையை, கிரெப் கட்டளையால் என்று உருபை அடுத்த சொல்லுக்குக் கொடுங்கள். முற்றுப்புள்ளியும் கட்டளையை ஒட்டி வர வேண்டாம். ஷெல்லில் புள்ளிக்கும் பொருள் உண்டு, கட்டளைக்குப் பின் தனியாக நின்றால் அது நடப்புக் கோப்புறை.